மஞ்சள் விளக்கை மட்டும் பாருங்கள்

கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய கஷ்டம் என்று வயலட் தன்னையே கேட்டுக்கொண்டாள். கஷ்டமாகத்தான் இருந்தது. சொட்டு மருந்து விட்ட பெண் இன்னும் வரிசையின் கடைசிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை, அதற்குள் வயலட் இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டாள். பாளையங்கோட்டையில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில், வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலிகளில், ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி, ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மருந்து முதலில் கண்ணில் எரிந்தது, பிறகு எப்படியோ தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்டது வாயில் கசக்கிறது என்றால் உடம்புக்குள் என்னென்ன குறுக்குச் சந்து இருக்கிறதோ. "யம்மா, கண்ணத் தொறக்காதிய. கண்ணு பாப்பா விரியாது, பெறவு இன்னொரு சொட்டு விட வேண்டி வரும்," என்று அந்தப் பெண் சத்தம் போட்டாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று வயலட்டுக்குத் தெரிந்தது, இருந்தாலும் வேறு யாரையோ சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மூடினாள். வலது பக்கத்து நாற்காலியில் தேவசகாயம் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. அவள் புருஷன். அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. மாநிலம் பூராவும் போய் பாஸ்கெட்பால் ஆட்டங்களுக்கு விசில் அடித்தவர், ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா என்று அத்தனை ஊரிலும் கேட்கப்பட்டவர், அப்படிக் கேட்டவர்களில் வயலட்டும் ஒருத்தி. கடைசியில் பார்த்தால் அவர் கண் நன்றாக இருக்கிறது, கேட்டவள் கண்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"டெஸ்டு எப்படிளா இருந்துச்சு?" என்று அவர் சற்று முன்பு கேட்டபோது, "எல்லாத்தையும் அமுக்கிட்டேன்," என்றாள் அவள். ஜெயித்துவிட்டு மைதானத்திலிருந்து வெளியே வரும்போது இருக்கும் குரலில்தான் சொன்னாள். ஜெயித்ததாகத்தான் அப்போது நினைத்தாள். இருட்டறை, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷின், அதற்குள் முகத்தை வைத்துத் தாடையைப் பட்டையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணுக்குக் கட்டு. கையில் பித்தானோடு ஒரு வயர். "நடுவுல இருக்க மஞ்ச லைட்ட மட்டும் பாருங்கம்மா. கண்ண அசைக்கக் கூடாது. சுத்தி எங்கயாவது வெள்ளையாப் பொட்டு மாதிரி மினுங்கும், தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலன்னா விட்டுருங்க, ஒண்ணும் தப்பில்ல," என்றது டெஸ்ட் எடுத்த பிள்ளை. ஒண்ணும் தப்பில்லையாம். விட்டுவிடு என்று வயலட்டிடம் யாரும் சொன்னதில்லை, பந்து விஷயத்தில் சொன்னதில்லை. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பொட்டு அங்கே மினுங்கியது, இங்கே மினுங்கியது, கட்டை விரல் அமுக்கியது. கண்ணை மாற்றிக் கட்டிய பிறகும் அப்படித்தான். "நல்லாப் பண்ணுதியம்மா, முக்காவாசிப் பேரு தூங்கிருவாங்க," என்று அந்தப் பிள்ளை சொன்னதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அறுபது தாண்டிய பிறகு நல்லாப் பண்ணுதிய என்று யார் சொல்கிறார்கள். மிஷின் மட்டும் ஒவ்வொரு பொட்டுக்கும் முன்னால் கிர்ர் என்று சின்னதாக முனகியது. அந்த முனகலைப் பற்றி வயலட் அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேறு எதையாவது நினைப்போம் என்று மனதைத் திருப்பினாள்.

வேறு என்றால் எது, எங்கே போனாலும் பந்துதான். தூத்துக்குடியில் அவர்கள் தெரு முழுக்கச் சிரித்தது. பந்து தட்டுறதுக்கு ரயில்வே சம்பளம் குடுக்காம், லூர்து மவளுக்கு, கால் தெரிய டவுசர் போட்டு ஆடுவாளாம். பொம்பளைப் பிள்ளைகளைப் பந்தாட வேலைக்கு எடுப்பது அப்போதுதான் ஆரம்பம். ஆர்டர் வந்த அன்றைக்கு அப்பா அதை உரக்க வாசித்துவிட்டு, "இதுல என்ன வேலைன்னே போடலியே," என்றார். அது நியாயமான சந்தேகம் என்று மெட்ராசுக்குப் போன பிறகு தெரிந்தது. ஆபீசில் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது, வேலை இருக்கவில்லை. காலையில் கையெழுத்து, மத்தியானம் மைதானம். முழங்காலில் அடிபட்டு ஆட்டம் நின்ற வருஷம்தான் அந்த நாற்காலிக்கு வேலை வந்தது, ஃபைலுக்கு நாடா கட்டக்கூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, நேற்று வந்த பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஆடிய அத்தனை வருஷமும் சிமெண்டுத் தரை, மரக் கம்பத்தில் பல்பு, பல்பைச் சுற்றிப் பூச்சி, வாயைத் திறந்தால் பூச்சி. தோல் பந்து மழையில் நனைந்தால் பிள்ளைத்தாச்சி மாதிரி கனக்கும். அவள் குள்ளம். நெட்டையான பிள்ளைகளுக்கு நடுவில் அவளை எதற்கு எடுத்தார்கள் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பந்து அவள் கைக்கு வந்ததும் புரிந்தது. நேரே பார்த்துக்கொண்டே இடது ஓரத்தில் ஓடுகிறவளுக்குக் கொடுப்பாள், வலது ஓரத்தில் வெட்டித் திரும்புகிறவளுக்குக் கொடுப்பாள், திரும்பிப் பார்க்கவே மாட்டாள். எதிர் அணிப் பிள்ளைகள் அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார்கள். "உனக்கு தெய்வம் காதுலயும் கண்ணு வெச்சிட்டுண்டு," என்பார் கோச் குருவில்லா சார், தமிழும் மலையாளமுமாக. எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

காதிலேயும் கண். வயலட்டுக்கு அந்தச் சிரிப்பு இப்போது பிடிக்கவில்லை. மூடிய இமைக்குள் செம்மண் நிறத்தில் வெளிச்சம் நிரம்பி இருந்தது. அவர் சும்மா சொன்னாரா, தெரிந்து சொன்னாரா. ஓரத்தில் ஓடி வருகிறவளை அவள் பார்த்தாள் என்பது உண்மைதான், ஆனால் பார்த்தது மட்டும்தானா. ஷூ சிமெண்டில் தேய்கிற சத்தம் ஒன்று இருந்தது. கூட ஆடிய பிலோமினா மூச்சு விடுவது தனியாகத் தெரியும், அவளுக்கு இளைப்பு. இன்னொருத்திக்கு எத்தனை சொன்னாலும் கால் கொலுசைக் கழற்ற மனம் வராது, துணி சுற்றி ஆடுவாள், துணிக்குள்ளும் அது கேட்கும். எவ்வளவு கண், எவ்வளவு காது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள். பிரிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, பந்து போய்ச் சேர்ந்தது. சம்பளம் வந்தது. அப்படி என்றால் கண் மட்டும் ஓசைப்படாமல் கிளம்பிப் போனால் அது போனது எப்படித் தெரியும். எவ்வளவு காலத்துக்குத் தெரியாமல் இருக்கும். இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்க வேண்டும், டெஸ்ட் நன்றாகத்தானே பண்ணினேன், அந்தப் பிள்ளையே சொன்னாளே. "ஏங்க, மணி என்ன?" என்று கேட்டாள். "இப்பத்தான உக்காந்த. கண்ண மூடு," என்றார் தேவசகாயம். "மூடித்தான் இருக்கேன்." "தொறந்து தொறந்து மூடுத. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்." விசிலை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் காரணம் கேட்டால் அவர் எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்வார், விருந்தாளிகள் முன்னால் சொல்வார், அவள் எழுந்து காபி போடப் போய்விடுவாள். மதுரையில் ஒரு ஃபைனல். அந்தக் காலத்தில் ஒரு விதி உண்டு, இப்போது எடுத்துவிட்டார்கள். ஃபவுல் செய்தவர் தானாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஸ்கோர் எழுதுகிற மேசைப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், மேசைக்காரர் எழுதி முடித்த பிறகுதான் இறக்கலாம். கடைசி நேரம், கூடைக்குக் கீழே ஒரே தள்ளுமுள்ளு, தேவசகாயம் விசில் அடித்துவிட்டார். அடித்த பிறகு யாரைப் பார்த்து அடித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. முட்டி பட்டது தெரியும், யார் முட்டி என்று தெரியாது. புதுசாக விசில் கிடைத்த ரெஃப்ரி, ஊரே பார்க்கிறது, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வயலட் கையைத் தூக்கினாள். அது அவளுக்கு ஐந்தாவது ஃபவுல், ஐந்தோடு வெளியே போக வேண்டும், போனாள், அணி தோற்றது. "இவ தூக்காட்டா பத்தாம் நம்பர் புள்ள மேல எழுதச் சொல்லிருப்பேன். பாவம், அது தூரத்துல நின்னுட்டு இருந்துச்சு," என்று முடிப்பார். அப்போது அவள் அதிகம் யோசித்தெல்லாம் தூக்கவில்லை. முட்டி அவளுடையது, கை தூக்கியது, அவ்வளவுதான். வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். கதையில் தேவசகாயம் அதைச் சொல்வதில்லை, அவர் பார்த்திருக்க மாட்டார்.

டாக்டர் அறைக்கு வெளியே இருக்கும் மணி டிங் என்று அடித்தது, அதற்குப் பிறகு ஒரு பெயர். ஆறுமுக நயினார். யாரோ செருப்பைத் தேடி எழுந்து போனார்கள். ரிட்டயராகி இந்த ஊருக்கு வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு வயலட் முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான், ஓரத்தைப் பார்ப்பதை. பிள்ளையை நேரே பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று விரலை நீட்டுவாள். எத்தனை விரல்? மூணு, கோச். இப்ப? ரெண்டு, கோச். இன்னும் பின்னால் போவாள். நேரே பாரு, எம் மூஞ்சியப் பாக்காத. நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். போன வருஷம் ஒரு சாயங்காலம் "கோச்!" என்று கத்தல் கேட்டது, கேட்ட மாத்திரத்தில் இடது காதோடு பந்து வந்து அறைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். அவளும் சிரித்தாள். வெயில் கண்ணில் அடித்தது என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் இடது தோள் கதவு நிலையில் இடிக்க ஆரம்பித்தது, நிலை குறுகலாக இருக்கிறதாம். சாப்பிடும்போது இடது கைப் பக்கம் வைத்த தண்ணீர் டம்ளர் இரண்டு தடவை கவிழ்ந்தது, தேவசகாயம் வைத்த இடம் சரியில்லையாம். ஸ்கூட்டரில் போகும்போது ஒரு ஆடு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, ஆடென்றால் அப்படித்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. கண்ணாடி மாற்ற வந்த இடத்தில்தான் கண்ணுக்குள் அழுத்தம் கூட இருக்கிற மாதிரி தெரிகிறது, நரம்பை அரிக்கிற வியாதியா என்று பார்த்துவிடலாம், ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும், போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லி ஓரப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்ட் டெஸ்ட்டுக்கு எழுதினார்கள்.

டிங். சங்கரவடிவு. போனது திரும்ப வராது. வயலட் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சியம்மாள் ஞாபகம் வந்தது, வரக் கூடாது என்று இவ்வளவு நேரமும் தள்ளி வைத்திருந்த பிள்ளை. பதினொன்றாம் வகுப்பு, ஓட்டத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. மாவட்ட அணித் தேர்வுக்கு முந்தின ஆட்டத்தில் இடது மூலைக்கு ஓடு ஓடு என்று வயலட் கத்திக்கொண்டே இருந்தாள், பேச்சி ஓடவே இல்லை. ஆட்டம் முடிந்து எல்லார் முன்னாலும் பிடித்து ஏசினாள். "அங்கதான் கோச் நின்னேன்," என்றாள் பேச்சி. "பொய் சொல்லாதட்டி. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்." "சத்தியமா அங்கதான் நின்னேன். கைய வேற காட்டுனேன்." எதிர்த்துப் பேசுகிறாள் என்று அவள் பெயரைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டாள் வயலட். மற்ற பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை மட்டும் அவளுக்குத் தெரிந்தது, அது நேர் எதிரே இருந்தது. இருக்கட்டும், டெஸ்ட் சரியாக இருக்கிறது, எல்லாப் பொட்டும் தெரிந்தது, அப்படி என்றால் பேச்சி அங்கே நிற்கவில்லை, பொய்தான் சொன்னாள். கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருந்தும் நெஞ்சில் எங்கேயோ உறுத்திக்கொண்டு நின்றது.

டிங். கட்டை விரல் அமுங்கியது. வயலட் கண்ணை மூடியபடியே தன் விரலைக் கவனித்தாள். அது நாற்காலியின் இரும்புக் கையை அழுத்திக்கொண்டிருந்தது. மணிக்குப் பிறகுதான் பெயர் வரும், பெயர் வருவதற்குள் விரல் அமுங்கிவிட்டது. தற்செயல் என்று விட்டாள். அடுத்த மணிக்காகக் காத்திருந்தாள், வராந்தாவில் யாரோ இருமினார்கள், தேவசகாயம் பேப்பரை மடித்தார், கீழே ஆட்டோ ஒன்று கிளம்ப முடியாமல் திணறியது. டிங். அமுங்கியது. அவள் அமுக்கவில்லை, அதுவாக அமுங்கியது. அப்புறம்தான் பெயர். இருட்டறை, கிண்ணம், மஞ்சள் விளக்கு, கிர்ர். கிர்ர் என்றதும் விரல். பொட்டு வந்ததா. வலது பக்கம் வந்தது, அது நிச்சயம், மேலே வந்தது. இடது பக்கம்? இடது பக்கம் ஒரு பொட்டாவது ஞாபகம் இருக்கிறதா. சத்தம் ஞாபகம் இருக்கிறது. சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி என்று உடம்பு பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, தாளம் பிடிபட்டதும் வந்த குஷி ஞாபகம் இருக்கிறது. எதிராளி பந்தை விடுவதற்கு முன்னால் அவள் தோள் அசையும், அதை வைத்து நகர வேண்டும், பந்து வந்த பிறகு நகர்ந்தால் நீ கோட்டை விட்டாய் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். மிஷினையும் அப்படித்தான் ஆடி ஜெயித்திருக்கிறாள். அது பரீட்சை என்பதே மறந்துவிட்டது. கண்ணைக் காட்ட வந்த இடத்தில் காதைக் காட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். பயமாக இருந்தது. வாழ்க்கையில் இந்த மாதிரி பயந்ததில்லை, முழங்கால் போனபோதுகூட இல்லை, முழங்கால் வலித்தது, இது வலிக்கவே இல்லை. பேச்சி அங்கேதான் நின்றிருக்கிறாள். கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் மனது உடனே பார்த்தது, அது மனதின் வேலை. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. ஸ்கூட்டர் இருக்கும், மைதானம் இருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோச் கோச் என்று கூப்பிட ஆள் இருக்கும். வீட்டில் இருந்தால் என்ன செய்வது, டிவி முன்னால் அவரோடு உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதற்கு அவர் வாயால் ஃபவுல் சொல்வதைக் கேட்பதா. கழுத்தைக் கொஞ்சம் கூடத் திருப்பி ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியும். ஓரம் போகும், பிறகு இன்னும் கொஞ்சம் போகும், கடைசியில் மஞ்சள் விளக்கு மட்டும் மிஞ்சும். அதற்குள் வயதாகிவிடும். அதற்குள் என்றால் எதற்குள்? டிங். வயலட் ஞானம், என்று கூப்பிட்டார்கள்.

எழுந்து நின்றபோது வராந்தா பூராவும் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. தேவசகாயம் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டார். அவள் கையை உதறவில்லை, அதை அவர் கவனித்திருப்பார். டாக்டர் நிலோஃபர் சின்ன வயதுதான், குரல் அதைவிடச் சின்னது. நெற்றியை ஊன்ற வைத்து, வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பாய்ச்சி, மேலே பாருங்க, கீழே பாருங்க, என் காதப் பாருங்க என்று சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டை எடுத்தார். "நரம்பு எனக்குக் கொஞ்சம் சந்தேகமாத்தாம்மா இருக்கு. கண் பிரஷரும் எல்லையில நிக்குது. ஆனா ஃபீல்ட் டெஸ்ட் நல்லா வந்திருக்கு. அங்கங்க அவசரப்பட்டு அமுக்கியிருக்கீங்க, அது எல்லாரும் பண்றதுதான். இப்போதைக்கு மருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாத்துக்கலாம்," என்றார். "தேங்க்ஸ் டாக்டர்," என்று தேவசகாயம் சந்தோஷமாக எழுந்தார், நாற்காலி பின்னால் தேய்ந்தது. டாக்டர் முகம் வெறும் வெள்ளைக் கறையாகத்தான் தெரிந்தது. அந்தக் கறை ரிப்போர்ட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் எது சரி என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றது. இந்தத் தடுமாற்றத்தை வயலட் முன்னால் ஒரு தடவை மதுரையில் பார்த்திருக்கிறாள்.

வலது கை தலைக்கு மேலே போனது.

"என்னம்மா? தோள்பட்டை வலிக்குதா?" என்றார் டாக்டர். தேவசகாயத்தின் செருப்புச் சத்தம் கதவுப் பக்கத்தில் நின்றுபோனது. "பாக்காமலே அமுக்கிட்டேன் டாக்டர்," என்றாள் வயலட். "மிஷின் ஒரு சத்தம் போடுது பாருங்க, அதக் கேட்டுக் கேட்டு அமுக்கினேன். வேணும்னு செய்யல, கை பழகின பழக்கம். எடது பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியல. போன வருஷத்துல இருந்தே தெரியல." டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு மெதுவாக, "அப்போ நரம்பு சொல்றதுதான் சரி," என்றார். "இன்னைக்குச் சொட்டு மருந்து விட்டாச்சு. நாளைக்குக் காலையில வாங்க, நானே பக்கத்துல நின்னு டெஸ்ட் எடுக்கறேன். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. மருந்து இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். வண்டி ஓட்ட வேண்டாம்." "கோச்சிங்?" "நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேம்மா." அவர் பழைய வரிகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். வயலட்டுக்கு எழுத்து தெரியவில்லை, பேனா காகிதத்தில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. தூக்கிய கை வலிக்க ஆரம்பித்தது, இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் பேச்சி வீட்டுக்குப் போக வேண்டும், நடந்தே போய்விடலாம், தேவசகாயத்தை இடது பக்கம் வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பேனா நின்றது.

"எழுதியாச்சு," என்றார் தேவசகாயம் கதவருகில் இருந்து. "கைய எறக்கு."